எழுபது வளைவுகளுக்காக ஒரு பழைய காரைத் தேற்றிய கதை

மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம். பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நின்றிருந்தோம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் ஒரு கடலைப் பொட்டலத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் டேஷ்போர்டில் சூட்டு முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே போவதைப் பார்த்தேன். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் முள் தானாக இறங்கிவிட்டது. ஆனாலும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மே மாதம் இதே வண்டியில் நாமக்கல் போய், அங்கிருந்து அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதுவும் கத்திரி வெயிலில்.

வண்டி 2014-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளின் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். வாய்ப்பாடு படித்த வயதிலேயே பத்தாம் நம்பர் ஸ்பேனர் எது, பன்னிரண்டு எது என்று எடுத்துக் கொடுக்கத் தெரியும். பெங்களூரு வந்து ஈஜிபுராவில் குடியேறிய பிறகு வேலையெல்லாம் கணினி முன்னால் என்றாகிவிட்டது, கையில் கிரீஸ் பட்டு வருஷக்கணக்காகிறது. இந்தத் தடவை வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு சாயங்காலம் சாவி வாங்கிவரும் வேலை வேண்டாம், பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். நடு ரோட்டில் வண்டி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பது வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். கிளீனர் பையனாக இருந்தாலும் சரி, பெற்ற பெண்ணாக இருந்தாலும் சரி.

மகள் ஏழாவது முடித்திருந்தாள், மகன் மூன்றாவது. ஒரு பழைய நோட்டை எடுத்து அட்டையில் ‘கொல்லிமலை’ என்று மகன் எழுதினான். இந்தப் பதிவில் வரும் எண்கள் எல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

முதல் நாள் செய்தது யோசனை மட்டும்தான். நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது. ஓடும் வண்டியில் காற்று தானாக வந்து ரேடியேட்டரில் மோதும். நிற்கும் வண்டியில் விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். இதுவே ஓடும்போது, முக்கியமாக ஏற்றத்தில், சூடு ஏறினால் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்) ஓட்டத்தில் தடங்கல் அல்லது ரேடியேட்டரில் அடைப்பு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஆகவே விசிறி. இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் எங்கள் வண்டியில் முன்பக்க விசிறி உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள்ளேயே எந்த ரிலே (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் குட்டி சுவிட்ச்) எதற்கு என்று படம் போட்டிருக்கும். ஹாரனுக்கும் விசிறிக்கும் ஒரே வகை ரிலே. இரண்டையும் இடம் மாற்றிச் செருகச் சொன்னேன். மகள் செருகினாள். விசிறி சுற்றியது, ஹாரன் ஊமையாகிவிட்டது. கெட்டது ரிலேதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழைய ரிலேயின் கூட்டை நெம்பித் திறந்தால் உள்ளே தொடுமுனை கரியாகிக் கிடந்தது. ஜே.சி. ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் புதிது வாங்கினேன். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் வரும். “இதோட சேர்த்து ஒண்ணு எக்ஸ்ட்ரா எடுத்து டேஷ்போர்டுல போட்டு வைங்கக்கா” என்றார் கடைக்காரர். எடுத்து வைத்தேன்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம், சோதனை ஓட்டமாக நந்தி மலைக்குப் போனோம். பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், உச்சி 1,478 மீட்டர். கொல்லிமலை ஏறுவதற்கு முன் வண்டியின் மூச்சைப் பார்க்க நல்ல இடம். மலையடிவாரம் வரை முள் அசையவில்லை. வளைவுகள் தொடங்கி இரண்டாம் கியருக்கு வந்ததும் ஏற ஆரம்பித்தது. விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனாலும் ஏறுகிறது.

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் முழு வேகத்தில் திருப்பினேன். வெயிலில் ஹீட்டர் போட்டதும் பிள்ளைகள் அலறினார்கள். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வண்டிக்குள் கொட்டும், முள் கொஞ்சம் இறங்கும். அந்த அவகாசத்தில் ஓரமாக ஒரு நல்ல இடம் பார்த்து நிறுத்தலாம். நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் மரநிழலில் உட்கார்ந்தோம். மகன் போய் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியைத் திருகிப் பார்க்கலாமா என்று கேட்டான். அன்றைக்குத்தான் அவனுக்கு மூடியைப் பற்றிச் சொன்னேன். குக்கரில் விசில் அடங்காமல் மூடியைத் திறந்தால் பருப்பு எப்படிக் கூரைக்குப் போகுமோ, அதே கதைதான் இங்கேயும். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடித்தால் தோல் வழண்டுவிடும். இஞ்சின் ஆறி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்கும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. அவன் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டான்: “சூடா இருந்தா மூடி தொடாதே.”

உச்சிக்குப் போகாமலே திரும்பினோம். பிள்ளைகளுக்கு வருத்தம். எனக்கு நிம்மதி, இது தொப்பூரிலோ கொல்லிமலையிலோ நடக்கவில்லையே.

மறுநாள் காலை இஞ்சின் சில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்தேன். பச்சை நிறத்தில் இருக்க வேண்டிய கூலன்ட், டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. முன்பு எங்கோ ஒரு பட்டறையில் குறைந்ததற்கு வெறும் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். பெங்களூரு போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று எங்கள் வீட்டுக் குழாய் வாயில் படியும் வெள்ளைப் படலமே சொல்லும். கெண்டிக்குள் படிவதுபோலவே ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். கூலன்ட் வெறும் குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை. துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில் கலந்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த மருந்து நீர்த்துப்போய், உள்ளே இரும்பு அரிக்க ஆரம்பித்துவிடும்.

கீழே உள்ள வடிகுழாயைத் திறந்து பழையதை ஒரு பேசினில் பிடித்தோம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் நாக்குக்கு இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. எங்கள் பார்க்கிங்கில் ஒரு வெள்ளை நாய் நாள் முழுக்கப் படுத்திருக்கும், அதற்கு மகள்தான் சோறு வைப்பவள். பேசினை ஒரு நிமிஷம்கூட விட்டு நகராமல் அவள்தான் காவல் இருந்தாள். சிந்திய நாலு சொட்டையும் மண்ணைப் போட்டு ஒற்றி எடுத்து, ஏராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பழையதை மூடி போட்ட கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்தேன். சாக்கடையில் ஊற்றவே கூடாது.

நல்ல தண்ணீர் விட்டு, ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து — நாலு தடவைக்குப் பிறகுதான் தெளிந்து வந்தது.

அப்புறம் ரேடியேட்டரின் வெளிப்பக்கம். ஏசியின் கண்டென்சர் முன்னால், ரேடியேட்டர் பின்னால். இரண்டுக்கும் நடுவில் விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளியில் பதினோரு வருஷத்துத் தூசி, பூச்சி, சருகு எல்லாம் சேர்ந்து ஒரு கம்பளியே நெய்திருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். பெங்களூரில் எந்தத் தெருவில் போனாலும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, அந்தச் சிமென்டுத் தூசியெல்லாம் எங்கே போகும்? வாட்டர் வாஷ் கடையின் அழுத்தத் தண்ணீரை இதில் பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். தோட்டத்துக் குழாயால், இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, காற்று வருவதற்கு எதிர்த்திசையில் அடித்தோம். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. மடிந்திருந்த தகடுகளை ஐஸ்கிரீம் குச்சியால் மகன் ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். ஒரு ஞாயிறு முழுக்க அதே வேலை. அவ்வளவு பொறுமை அவனிடம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை நான் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

இரண்டு பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழற்றினால் கையடக்கமாக வெளியே வரும். பித்தளைக் குப்பி, ஒரு சுருள், ஒரு வட்டத் தட்டு. குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. கூலன்ட் சூடாகும்போது மெழுகு உருகி விரியும், விரிந்து ஒரு முள்ளைத் தள்ளும், தட்டு திறக்கும், சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். மின்சாரம் கிடையாது, கணினி கிடையாது. உருகும் மெழுகை நம்பித்தான் இஞ்சின் ஓடுகிறது. ஓரத்தில் 82 என்று பொறித்திருந்தது, அதாவது 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய அலுமினியப் பாத்திரத்தை எடுத்து (இனி அது சமையலுக்கு ஆகாது), தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தோம். தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மகள் சமையல் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு படித்தாள், மகன் எழுதினான். 78. 80. 82. 84. தட்டு அசையவே இல்லை. 90-இல் முடி நுழையும் அளவு ஒரு கீற்று தெரிந்தது. தண்ணீர் தளபுளவென்று கொதித்தபோதும் திறந்தது மூன்று மில்லிமீட்டர்தான். பாதி மூடிய மதகு. சமவெளியில் அது போதும். ஏற்றத்தில் இஞ்சின் திணறும்போது போதாது.

மகள் வேறொன்றைக் கவனித்தாள். “அம்மா, நல்லா கொதிக்குது, ஆனா 97-லயே நிக்குது. நூறுக்குப் போகலையே, இது கெட்டுப்போச்சா?” வெப்பமானி கெடவில்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொதிக்கும் தண்ணீரின் சூடே குறைவு என்பதால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நாமக்கல்லைவிட இங்கே நேரமாகிறது. இதை என் கணவர் சமைத்துச் சமைத்துக் கண்டுபிடித்திருந்தார், காரணம்தான் தெரியாமல் இருந்தது. அப்போது மலை மேலே இஞ்சின் தண்ணீர் இன்னும் சீக்கிரம் கொதிக்காதா என்று அவளே அடுத்த கேள்விக்குப் போனாள். அதற்குத்தான் அந்த மூடி. எங்கள் ரேடியேட்டர் மூடியில் 1.1 என்று இருக்கும், வெளிக்காற்றைவிட 1.1 பார் அதிக அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும் என்று பொருள். பாதி கூலன்டும் பாதி டிஸ்டில்டு வாட்டரும் கலந்து இந்த அழுத்தத்தில் வைத்தால் 120 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தக் கணக்கெல்லாம் வீண். எங்களுடையது வெடித்திருந்தது. அதே 1.1 எண்ணில் புதிது வாங்கினேன்.

புதிய தெர்மோஸ்டாட்டையும் மாட்டுவதற்கு முன் அதே பாத்திரத்தில் போட்டோம். 82-இல் நூல் அளவு திறந்தது. 90-ஐத் தாண்டியபோது எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. “மீன் மாதிரி இருக்கு” என்றான் மகன். அடுப்பை அணைத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. அவனுக்காக மூன்று தடவை சூடாக்கிக் காட்டினேன்.

மாட்டும்போது ஒரு விஷயம்: தட்டின் ஓரத்தில் ஆடும் சின்ன ஊசி ஒன்று இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். அது காற்று தப்பிக்கும் வழி.

நான் சறுக்கியது அடுத்த கட்டத்தில். புதிய கூலன்டை ஊற்றி நிரப்பி, குமிழி அடங்கியது என்று நினைத்து மூடியைப் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் முள் ஏறியது. ஹீட்டரைத் திருப்பினால் சில்லென்ற காற்று. சூடு ஏறும் இஞ்சினில் ஹீட்டர் குளிர்ந்த காற்று தந்தால் உள்ளே காற்றுப் பூட்டு விழுந்திருக்கிறது, அதாவது காற்று சிக்கி கூலன்ட் ஓட்டத்தை மறிக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை வண்டியின் முன்பக்கத்தை ஒரு சரிவில் உயர்த்தி நிறுத்தி, ஆறிய இஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டில் போட்டு, சும்மா ஓடவிட்டோம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். மட்டம் திடீரென்று இறங்கியதும் — தெர்மோஸ்டாட் திறந்துகொண்டது — கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குமிழி வருவது முழுக்க நின்ற பிறகே மூடினேன். அவசரப்படாமல் இருந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

டேஷ்போர்டு முள்ளை நம்பக் கூடாது என்பதும் இந்த வேலையில் புரிந்தது. பல வண்டிகளில் அந்த முள் உண்மையான சூட்டைக் காட்டுவதில்லை. 75 டிகிரிக்கும் 100-க்கும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பிக்கும்போதே நிலைமை முற்றியிருக்கும். எஸ்.பி. ரோட்டில் ஒரு ஓபிடி கருவி வாங்கினேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் துளையில் செருகினால் போனில் கூலன்ட் சூடு டிகிரிக் கணக்கில் வரும். மகனை அதற்குப் பொறுப்பாளன் ஆக்கினேன்.

பிரேக் ஆயிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் பழையது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155-க்கு வந்துவிடும். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்தால் அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இதை மாற்ற இருவர் வேண்டும். மகள் பெடலில் உட்கார்ந்தாள், நான் சக்கரத்தடியில். “அழுத்து… பிடிச்சுக்கோ… விடு.” நாலு சக்கரத்துக்கும் சேர்த்து நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். பிரேக் விஷயத்தில் என் கையை மட்டும் நம்ப நான் தயாரில்லை. முடித்த பிறகு தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டி, அவர் ஓட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகே மனசு ஆறியது.

ஸ்டெப்னி ஒரு அதிர்ச்சி. ஒரு தடவைகூடப் போடாத டயர், புது டயரில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முள்கூடத் தேயவில்லை. ஆனால் பக்கவாட்டில் கடைசி நாலு எண் 1114. அதாவது 2014-ஆம் வருஷம் பதினோராவது வாரம். உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாக வெடிப்பு. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். மாற்றினோம். மாற்றிய கையோடு பார்க்கிங்கில் ஒரு ஒத்திகை: எதிர்ச் சக்கரத்துக்குக் கல், ஜாக்கி ஏற்றும் முன்னாலேயே நட்டை இளக்குவது, நட்சத்திர வரிசையில் முடுக்குவது. கணவர் முதல் முறையாக ஒரு சக்கரம் மாற்றினார். 22 நிமிஷம். நோட்டில் இருக்கிறது.

மே மாதம், விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். வெயிலுக்கு முன் தர்மபுரியைத் தாண்டுவது திட்டம். அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி. சாலையோரம் மாங்காய்க் குவியல்கள். கிளி மூக்கு மாங்காயைக் கிருஷ்ணகிரிக்காரர்கள் ‘பெங்களூரா’ என்றுதான் சொல்வார்கள். “நம்ம ஊர்ப் பேரு இங்க மாங்காய்க்கு வெச்சிருக்காங்க” என்று மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தீர்த்தோம். சூடு 89, 90, 89.

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய். சேலம் போகும் திசையில் நீண்ட இறக்கம், எத்தனையோ விபத்துகளைப் பார்த்த இடம். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் போன லாரிகளைப் பற்றி அப்பா சின்ன வயதில் சொல்வார், கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வராது. இன்றைய பெட்ரோல் கார்களில் அந்த மிச்சமும் இல்லை. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் குடிக்கும். மூன்றாம் கியரில், இடது தடத்தில், பொறுமையாக இறங்கினோம்.

நாமக்கல்லில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பேரப்பிள்ளைகளைத் தூக்கி இறக்கிவிட்டு நேராக பானெட் பக்கம் போனார். மகள் ஒவ்வொன்றாகக் காட்டினாள்: இது புது மூடி அப்புச்சி, இது ரிலே, இங்கதான் தெர்மோஸ்டாட். அவர் ஹோஸ் கிளிப்பை மட்டும் விரலால் அசைத்துப் பார்த்தார். “நல்லா முடுக்கியிருக்கற அம்மிணி” என்றார். அவரிடமிருந்து அந்த வார்த்தையை வாங்குவது லேசில்லை.

மறுநாள் காலை ஏழுக்குக் காரவள்ளி. அப்பா முன்னால், கணவரும் பிள்ளைகளும் பின்னால். ஏசி இல்லை, கண்ணாடிகள் இறக்கி. முதல் வளைவில் 90. பலகையில் எண் வர வர மகன் சத்தமாகப் படித்தான். இருபதாவது வளைவில் 95. முப்பத்தெட்டில் 98, விசிறி கிர்ரென்று ஓடியது, 93-க்கு இறங்கியது. பிள்ளைகளின் கண்ணைத் திரையிலிருந்து எடுக்க அப்பா வல்வில் ஓரியின் கதையைத் தொடங்கினார். இந்த மலையை ஆண்ட மன்னன், கடையேழு வள்ளல்களில் ஒருவன்; ஒரே அம்பில் யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். அம்பு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விலங்கைத் துளைக்கும்படி அப்பா நேரம் பார்த்துச் சொன்னார். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டிகள் ஒதுங்கி வழி விட்டன. எழுபதாவது வளைவு, 96. அதற்கு மேல் போகவே இல்லை. செம்மேட்டில் ஓரியின் சிலை முன்னால் மகன் ரொம்ப நேரம் நின்றான்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் அப்பா உட்கார்ந்துகொண்டார். நாங்கள் நாலு பேரும் ஆகாய கங்கைக்கு இறங்கினோம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். கோடையில் அருவி மெலிந்துதான் இருந்தது. அதனால் பிள்ளைகளைப் பாறை ஓரம் வரை தைரியமாக விட முடிந்தது. சுமார் 300 அடி உயரத்திலிருந்து சாரல் வந்து முகத்தில் தெறித்ததும் மகள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். ஏறும்போது கால் கெஞ்சியது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதவில்லை. அடுத்த தடவை இரண்டு.

இறக்கத்தில் முதல் வளைவிலிருந்தே இரண்டாம் கியர், சில இடங்களில் முதல். “ஏறுன கியர்லயே எறங்கோணும்” என்பது அப்பாவின் வேதம். பாதி வழியில் ஒரு கார் ஓரமாக நின்றது. முன்சக்கரத்திலிருந்து புகை, கருகிய வாடை. ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தை நோக்கிக் குனிந்தார். நான் வண்டியை நிறுத்துவதற்குள் மகள் ஜன்னல் வழியே கத்தினாள்: “அங்கிள், தண்ணி ஊத்தாதீங்க! டிஸ்க் வளைஞ்சிரும்!” அப்பா இறங்கிப் போய்ப் பேசினார். அரை மணி நேரம் ஆறட்டும், அப்புறம் பெடலை அழுத்திப் பாருங்க, கெட்டியா இருந்தா மட்டும் எடுங்க, இரண்டாம் கியரை விட்டு மேல போகாதீங்க. அவர்கள் வீட்டுப் பெரியம்மா எங்களுக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்தார்.

காரவள்ளியில் புளியமரத்தடியில் நிறுத்தினேன். அப்பா ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து, தொடாமல், உள்ளங்கையைப் பக்கத்தில் காட்டி அனல் பார்த்தார். நாலையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

“பானெட்டைத் தொறந்து மூடியக் கழட்டிப் பாக்கலாமா சாமி? தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு?”

மகன் போனைப் பார்த்தான். 91.

“இப்ப வேண்டாம் அப்புச்சி. ஆறட்டும்.”

அப்பா ஒன்றும் சொல்லாமல் திண்டில் உட்கார்ந்து, சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அவனிடம் நீட்டினார்.